கொட்டகைக்கு வந்த ஐந்தாவது ஆள்

மலையடிவாரத்தில், ஓடையை ஒட்டிய மாந்தோப்பில் தோப்புச்சாமி என்று ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும். முன்பு ஊர் ஊராகப் போய்க் கிணறு வெட்டியவர். ஒரு நாள் கடப்பாரையைக் கீழே வைத்தவர் பிறகு எடுக்கவே இல்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், "தண்ணி வந்துட்டு" என்று மட்டும் சொன்னார்.

வெள்ளிக்கிழமைதோறும் அவரைப் பார்க்க ஆட்கள் வருவார்கள். மனதில் உள்ளதைச் சொல்வார்கள். சிலர் கடிதமோ கோர்ட்டு நோட்டீசோ கொண்டுவந்து நீட்டுவார்கள். அவர் அதை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு திருப்பிக் கொடுத்து, "நீயே படி" என்பார். கொண்டுவந்தவர் உரக்கப் படிப்பார். பாதிப் பேருக்குப் படித்து முடிப்பதற்குள்ளேயே பாரம் குறைந்துவிடும்.

சண்முகவடிவும் அப்படி வந்தவள்தான். ஏழு வருடத்துக்கு முன்பு, இனி உறவே வேண்டாம் என்று அண்ணன் எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் பத்துத் தடவை படித்தபோது அதில் கோபம்தான் தெரிந்தது. அவர் முன்னால் உட்கார்ந்து சத்தமாகப் படித்தபோது, அண்ணன் எதற்கோ பயந்துபோய் எழுதியிருக்கிறான் என்று தெரிந்தது. அன்றைக்கு அழுதாள். அன்றிலிருந்து அவரைக் குருவாக நினைத்தாள்.

இந்த முறை அவள் வந்தது ஒரு வைகாசி மாதப் புதன்கிழமை. கையில் சுருட்டிய சார்ட் பேப்பர் இருந்தது.

"சாமி, வர்ற ஆனியிலேர்ந்து பிள்ளைகள வீட்டுல வச்சே படிக்கவைக்கப்போறேன்."

"நாலு பேரையுமா?"

"நாலு பேரையும்."

மூன்றாவது மகள் கோமுதான் காரணம். ஒன்பது வயது. எழுத்துக்கூட்டிப் படிக்க வரவில்லை. பள்ளிக்கூடத்தில் அவளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். ஒரு மாதம் போனாள். பிறகு தினமும் காலையில் காய்ச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வரவில்லை.

"அவள மட்டும் வீட்டுல வச்சா தண்டனை மாதிரி இருக்கும் சாமி. மூத்தவன் சங்கர்தான் சொன்னான், 'அப்ப நாங்களும் இருக்கோம்'னு. அவன் பத்தாம் வகுப்ப வெளியிலேர்ந்து எழுதிக்கிடுவான்."

"உன் வீட்டுக்காரர் என்ன சொன்னாரு?"

"ஒரு வருஷம்னாரு. சித்திரைக்குள்ள கோமு ஒரு பக்கம் படிச்சுக் காட்டணும். இல்லன்னா நாலு பேரும் மறுபடியும் பள்ளிக்கூடம்."

சார்ட்டை அவர் கையில் கொடுத்தாள். மூன்று வாரம் உட்கார்ந்து போட்டது. பதினைந்து வயது சங்கருக்கு நீலம், பன்னிரண்டு வயது உலகுவுக்குப் பச்சை, கோமுவுக்குச் சிவப்பு, ஐந்து வயது இசக்கிக்கு மஞ்சள். காலை ஆறு மணியிலிருந்து நாற்பது நாற்பது நிமிடமாகக் கட்டம் கட்டியிருந்தாள். எந்த மாதம் எந்தப் பாடம், எந்த வாரம் பரீட்சை, எல்லாம் அதில் இருந்தது.

சாமி அதை விரித்துப் பார்த்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார்.

தலைகீழாகப் பார்க்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று வடிவு நினைத்தாள். கீழே இருக்கிற சின்னவனிடமிருந்து ஆரம்பிக்கவேண்டுமோ? கடைசி மாதத்திலிருந்து பின்னோக்கி வரவேண்டுமோ?

"நீயே படி" என்றார்.

படித்தாள். பத்து மணி நாற்பதுக்கு வந்தபோது குரல் தடுமாறியது. அந்தக் கட்டத்தில் சங்கருக்கு அல்ஜீப்ரா, உலகுவுக்குக் கட்டுரை, கோமுவுக்கு எழுத்து, இசக்கிக்குப் பாட்டு. நான்கும் ஒரே நாற்பது நிமிடத்தில். அந்த நேரத்தில்தான் அடுப்பில் சோறும் வேகவேண்டும்.

சார்ட்டைக் கீழே வைத்தாள்.

"நாலு பேரும் நாலு படியில நிக்காங்க சாமி. நான் ஒருத்தி. எந்தப் படியில நான் நிக்க?"

சாமி மாமரத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு கேட்டார்.

"எங்கன வச்சுச் சொல்லிக்கொடுக்கப்போற?"

"எலுமிச்சை கொட்டிவைக்கிற கொட்டகையிலதான். சாக்கையெல்லாம் ஒதுக்கிட்டேன்."

"எத்தன பேரு உக்காரலாம்?"

"பத்துப் பேரு உக்காரலாம்."

"அப்ப நானும் வாரேன். அஞ்சாவது ஆளா சேத்துக்கோ."

* * *

ஆனி முதல் திங்கட்கிழமை, குடையைப் பிடித்துக்கொண்டு மூன்று கிலோமீட்டர் நடந்து வந்தார். வடிவு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அவர் அதைத் தாண்டிப் போய்ப் பிள்ளைகள் வரிசையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு பக்கம் கோமு, மறுபக்கம் இசக்கி. கொட்டகை முழுக்க எலுமிச்சை வாசனை.

வடிவு ஒவ்வொருவருக்கும் புத்தகத்தைக் கொடுத்தாள். அவர் முன்னால் வந்ததும் தயங்கி நின்றாள்.

"சாமிக்கு எந்தப் புத்தகம் தர?"

"எனக்கு எழுத்து தெரியாது, தாயி."

சங்கர் சிரித்தான். உலகுவும் சிரித்தாள். வடிவும் பாதி சிரித்துவிட்டாள். பெரியவர்கள் இப்படித்தான் தங்களைத் தாழ்த்திச் சொல்வார்கள். ஆனால் சாமியின் முகத்தில் சிரிப்பு இல்லை.

கோமு மட்டும் சிரிக்கவில்லை. அவரையே உற்றுப் பார்த்தாள்.

"நெசமாவா?"

"நெசமா."

"ஒரு எழுத்துகூடவா?"

"ஒண்ணுகூடத் தெரியாது."

"வெக்கமா இல்லையா?"

"ஏட்டி!" என்று வடிவு அதட்டினாள்.

"இருக்கு பாப்பா" என்றார் சாமி. "அதான் இத்தன வருஷமா ஆருகிட்டயும் சொல்லல."

கோமு தன் சிலேட்டை மெதுவாக அவர் பக்கம் நகர்த்தினாள். பாதி சிலேட்டு அவர் மடியில், பாதி இவள் மடியில்.

"எனக்குப் பதினோரு எழுத்து நல்லாத் தெரியும்" என்றாள். "ஒண்ணொண்ணா சொல்லித்தாரேன்."

அன்று சாயங்காலம் அவரை வழியனுப்பப் போன வடிவு, தோட்டத்து வாசலில் நின்றுகொண்டு கேட்டேவிட்டாள்.

"சாமி, அன்னைக்கு நான் எங்க அண்ணன் கடிதாசியக் கொண்டாந்தேனே. 'நீயே படி'ன்னீங்களே."

"ஆமா."

"படிக்கத் தெரியாததுனாலயா?"

"ஆமா தாயி."

"ஆனா அதுல எனக்கு ஒரு தெளிவு வந்துதே!"

"வந்துதுல்லா? நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்தார்.

அவர் கண்ணுக்கு மறைகிறவரை வடிவு அங்கேயே நின்றாள். ஏமாந்துவிட்டோமா என்று நினைத்துப் பார்த்தாள். அண்ணன் இப்போது மாதம் ஒருமுறை போன் பண்ணுகிறான். தீபாவளிக்குப் பிள்ளைகளுக்குத் துணி எடுத்து அனுப்புகிறான். எங்கே ஏமாந்தோம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

* * *

முதல் மாதம் சார்ட்டின்படிதான் நடந்தது. நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை வடிவு மணி அடித்தாள். மணி அடித்ததும் சாமி ஒழுங்காகக் குச்சியைக் கீழே வைத்துவிடுவார். எழுத்து பாதியில் நிற்கும். "இன்னும் ஒரு சுழிதான் இருக்கு" என்று கோமு கெஞ்சுவாள். "மணி அடிச்சுட்டு பாப்பா" என்பார் அவர். கோமு அம்மாவை முறைப்பாள். மூன்றாவது வாரத்தில் மணியின் நாக்கைக் காணவில்லை. யாரையும் கேட்டு விசாரிக்க வடிவுக்கு மனம் வரவில்லை.

சாமிக்கு எழுத்து லேசில் வரவில்லை. குச்சியைக் கடப்பாரை மாதிரி பிடித்தார். ஒரு நாளைக்கு இரண்டு குச்சி உடைந்தது. 'அ' போட்டால் சுழி சிலேட்டை விட்டு வெளியே போகும். கோமு அவர் விரலைப் பிடித்துத் திருப்புவாள். "இவ்வளவு பலமா அமுக்காதீங்க சாமி. சிலேட்டுக்குள்ள தண்ணி கிடையாது."

பதினோரு எழுத்தும் தீர்ந்துபோனது. அடுத்த எழுத்தை அவருக்குச் சொல்லிக்கொடுக்க, கோமு முதல் நாளே அக்காவிடம் போய் நிற்கவேண்டி வந்தது. தன்னைப் படிக்கச் சொன்னால் வயிறு வலிக்கிறவள், "நாளைக்கு சாமி வந்து கேப்பாரு, சீக்கிரம் சொல்லு" என்று உலகுவை விரட்டினாள். இசக்கி, சாமி மடியில் உட்கார்ந்தபடி அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுக்கு யாரும் எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு நாள் சுவரில் கரிக்கட்டையால் 'இ' போட்டு வைத்திருந்தான்.

தினமும் கிளம்பும்போது சாமி கோமுவைப் பார்த்துக் கை கூப்புவார். "வாரேன் டீச்சர்." கோமு நேராக நிமிர்ந்து நின்று, "வீட்டுப்பாடம் மறக்கக் கூடாது" என்பாள்.

* * *

ஆடியில் காற்று பலமாக அடித்தது. தோட்டத்தில் காய் உதிர்ந்தது. வடிவின் கணவர் வேலாயுதம் எல்லார் மீதும் எரிந்து விழுந்தார். அந்த எரிச்சல் வடிவுக்கும் தொற்றியது.

வடிவுக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. அதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. சங்கரின் கணக்கு அவளுக்குத் தெரியாது. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். அதிலும் கணக்கை எடுத்துப் படிக்கவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து, பால் பாத்திரத்தில் போனைச் சாய்த்துவைத்து, சத்தத்தைக் குறைத்து, அன்றைய பாடத்தைப் பார்த்துவிட்டுத்தான் கொட்டகைக்கு வருவாள். சில நாள் அதுவும் புரியாது. சங்கர் சந்தேகம் கேட்டால், "நாளைக்குச் சொல்லுதேன்டா, இப்ப கோமு நேரம்" என்பாள். ஒரு தடவை அப்படிச் சொன்னபோது சாமி தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார். பிறகு குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டார்.

அந்த ஆடியில்தான் ஒரு நாள் கரும்பலகையில் 'தேன்' என்று எழுதிக் கோமுவைப் படிக்கச் சொன்னாள்.

கோமு எழுந்து நின்றாள். விரலால் காற்றில் தடவினாள்.

"ஏ... த... ஏதன்."

"சரியாப் பாரு."

"ஏதன்."

"எத்தன தடவ சொல்லுது! ரெண்டு மாசமா இதே ஏதன்தானா?" வடிவின் கை தானாக ஓங்கியது.

கோமு கண்ணை மூடிக்கொண்டாள்.

பக்கத்தில் சாமி எழுந்து நின்றார். கோமுவை ஒட்டி, அவளைப் போலவே கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"நானும் ஏதன்னுதான் படிச்சேன், தாயி."

ஓங்கிய கையை என்ன செய்வதென்று வடிவுக்குத் தெரியவில்லை. அந்தக் கையால்தான் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தாள். நேராக அடுப்படிக்குப் போய்விட்டாள். தண்ணீர்க் குடத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பள்ளிக்கூடத்தில் நடந்த எதிலிருந்து கோமுவைக் காப்பாற்றிக் கூட்டிக்கொண்டு வந்தாளோ, அதையே அவள் கையும் செய்யப் பார்த்ததே என்று அழுதாள்.

முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது, கொட்டகைக்குள் பேச்சுச் சத்தம் கேட்டது. வெளியிலேயே நின்றாள்.

"எனக்கு ஒண்ணு வெளங்கல டீச்சர்" என்று சாமி சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தக் கொம்பு முதல்ல நிக்குது. ஆனா அதோட சத்தம் 'த'வுக்குப் பின்னாலதான் வருதுங்காங்க. முன்னால நிக்கதுக்குப் பின்னால எப்படிச் சத்தம் வரும்?"

கோமு மிகவும் மெதுவாகச் சொன்னாள்.

"எனக்கும் அதுதான் சாமி வெளங்கல. இதுவரைக்கும் அத எப்படிக் கேக்கதுன்னே எனக்குத் தெரியல."

"சேந்து பாப்போம்."

இரண்டு பேரும் கரும்பலகைக்கு முன்னால் போய் நின்றார்கள். உலகுவும் வந்து நின்றாள். சங்கரும் கணக்கை விட்டுவிட்டு எழுந்து வந்தான். "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கிடணும்" என்றான். "அப்படித்தான்னா எப்படி?" என்று சாமி விடவில்லை.

திடீரென்று கோமு துள்ளினாள்.

"சாமி! பஸ்ஸுல துண்டு போட்டு எடம் பிடிப்பாங்கள்ல?"

"ஆமா."

"துண்டு முதல்ல வந்துரும். ஆளு பின்னாலதான வரும்? இந்தக் கொம்பு துண்டு மாதிரி. துண்டப் பாத்ததும் பேசக் கூடாது. ஆளு வந்து உக்காரதுவரைக்கும் வாய மூடிக்கிட்டு இருக்கணும். வந்தப்புறம் ரெண்டையும் சேத்துச் சொல்லணும்."

கரும்பலகையைத் தொட்டாள். கொம்பைத் தொட்டபோது உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். அடுத்த எழுத்துக்கு விரல் போனதும் வாய் திறந்தது.

"தே... ன். தேன்!"

"தேன்" என்றார் சாமி.

"தேன்" என்றான் இசக்கி.

வெளியே நின்ற வடிவு, கொட்டகைத் தூணில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். ஒரே நாளில் இரண்டாவது தடவை கண் நிறைந்தது. ஆனால் இந்தத் தடவை அழுகை வேறு மாதிரி இருந்தது.

உள்ளே போனதும் கோமுவுக்கு முன்னால் உட்கார்ந்தாள். "அம்மா கை ஓங்கினது தப்புட்டி" என்றாள். கோமுவுக்கு அதைக் கேட்க நேரமில்லை. "அம்மா, உனக்குத் துண்டு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிட்டாள்.

* * *

புரட்டாசியில் வேலாயுதத்தின் அண்ணன் திரவியம் தோட்டத்துக்கு வந்தார். கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தபோது, கோமு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "இது மூணு சுழி, இது ரெண்டு சுழி. பத்துத் தடவ எழுதுங்க சாமி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சாமி எழுதிக்கொண்டிருந்தார். திரவியம் வாசலில் நின்றே வாய்விட்டுச் சிரித்தார். மறுநாளே டீக்கடையிலிருந்து உரக்கடைவரை செய்தி போய்விட்டது. தோப்புச்சாமிக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாதாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை தோப்புக்கு நாற்பது பேர் வருகிற இடத்தில் ஆறு பேர் வந்தார்கள்.

வடிவு அதைப் பார்த்துவிட்டுக் கூனிக்குறுகிப் போனாள். மற்றவர்கள் போகிறவரை காத்திருந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எங்க வீட்டால உங்க பேரு போச்சு சாமி."

சாமி பின்னாலிருந்து ஒரு நோட்டை எடுத்து விரித்துக் காட்டினார். ஒரு பக்கம் முழுக்கக் கோணல்மாணலாக 'மருதையா' என்று எழுதியிருந்தது. அதுதான் பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் என்பது அன்றுதான் வடிவுக்குத் தெரிந்தது.

"அந்தப் பேரு போயிட்டு. இந்தப் பேரு வந்திருக்கு, பாத்தியா?" என்றார். முகம் முழுக்கச் சந்தோஷம். "கூட்டம் இல்லாததுனால வீட்டுப்பாடம் முடிக்க நேரமும் கெடைச்சுது."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அந்த ஆறு பேருல ரெண்டு பேரு, எங்களுக்கும் தெரியாது சாமின்னாங்க. டீச்சர்கிட்டக் கேட்டுச் சொல்லுதேன்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

* * *

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள், அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு வடிவு கொட்டகைப் பக்கம் வந்தாள்.

சங்கர் தரையில் கயிற்றை வைத்து வட்டம் போட்டுக்கொண்டிருந்தான். உருளையின் கனஅளவு பாடம். பத்தடி குறுக்களவுள்ள கிணற்றை ஓரடி ஆழம் தோண்டினால் அரை கனஅடிக் கூடையில் எத்தனை கூடை மண் வரும் என்று கணக்குப் போட்டு, "நூத்தம்பத்தேழு" என்றான்.

"இருநூறு கிட்ட வரும் தம்பி" என்றார் சாமி.

"இல்ல சாமி, ஃபார்முலா சரிதான்."

"நான் சுமந்திருக்கேன். இருநூறு."

சங்கர் மறுபடி போட்டுப் பார்த்தான். நூற்றைம்பத்தேழுதான் வந்தது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு யோசித்தான். பிறகு மழைக்குள் இறங்கி ஓடினான். எலுமிச்சை மரத்தடியில் சின்னதாக ஒரு குழி தோண்டினான். எடுத்த மண்ணை அதே குழியில் திருப்பிப் போட்டான். மேலே குவிந்து நின்றது.

"வெட்டுன மண்ணு பொங்குது!" என்று கத்தினான். "ஒண்ணே கால் மடங்கு பொங்குது சாமி! அப்ப இருநூறு கிட்ட சரிதான்!"

உலகு அதைப் பார்த்துத் தன் கட்டுரை நோட்டில் எழுத ஆரம்பித்தாள். கோமு தன் சிலேட்டில் 'கிணறு' என்று எழுதி, இசக்கிக்கு ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக் காட்டினாள். சாமி குனிந்து தன் பக்கத்தில் அதையே எழுதினார்.

ஐந்து பேரும் ஐந்து வேலையாக இருந்தார்கள். ஒருவருக்கும் அவள் தேவைப்படவில்லை. சார்ட் எங்கே போயிற்று என்று அப்போதுதான் வடிவுக்கு நினைவு வந்தது. பார்த்தால், மழைச்சாரல் படாமல் இருக்க யாரோ அதைப் புத்தக அடுக்கின்மேல் போர்த்தியிருந்தார்கள்.

கூரைமேல் மழை விடாமல் கொட்டியது. இப்படி ஒரு மத்தியானத்தைத் தனக்கு யார் கொடுத்தது என்று யோசித்தாள். கடவுளா, கோமுவின் காய்ச்சலா, 'நாங்களும் இருக்கோம்' என்ற சங்கரா, ஒரு வருடம் என்று அரைமனதோடு தலையாட்டிய வேலாயுதமா? ஒருவரை மட்டும் சொல்ல முடியவில்லை. சோறு குழைந்துவிட்டது. அன்று எல்லாரும் குழைந்த சோற்றில் மோர் விட்டுச் சாப்பிட்டார்கள். ஒருவரும் குறை சொல்லவில்லை.

* * *

சித்திரை பிறந்து நாலாம் நாள் வேலாயுதம் கொட்டகைக்கு வந்தார். பழப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்க, படி பாப்போம்."

கோமு புத்தகத்தோடு எழுந்து நின்றாள். காட்டிலிருந்து வழி தவறி ஊருக்குள் வந்துவிட்ட குட்டியானை ஒன்றின் கதை அது. சாமி கோமுவின் பக்கமே பார்க்கவில்லை. தன் சிலேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கோமு விரல் வைத்துப் படித்தாள். மெதுவாகத்தான் வந்தது. இரண்டாவது வரியில் 'தென்னந்தோப்பு' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். உதட்டை இறுக்கி மூடினாள். வேலாயுதம் முன்னால் குனிந்தார். "தென்... னந்... தோப்பு" என்றாள். மேலே போனாள். பக்கத்தின் கடைசி வரி வரை போனாள்.

"முடிஞ்சுது அப்பா."

வேலாயுதம் புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"அடுத்த பக்கத்தையும் படி."

"ஒரு பக்கம்னுதான சொன்னீங்க?"

"அந்தக் குட்டியானை என்னாச்சுன்னு தெரியவேண்டாமா?"

கோமு பக்கத்தைத் திருப்பினாள். யானைக்குட்டி தாயிடம் போய்ச் சேர்கிறவரை படித்தாள். ஒன்பது பக்கம். வேலாயுதம் மோட்டார் போடப் போகவேண்டியவர், போகவில்லை. கடைசியில் எழுந்து மகள் தலையில் கை வைத்தார். சாமியைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, தோட்டத்துக்குள் இறங்கிப் போய்விட்டார்.

* * *

மறுபடியும் வைகாசி வந்தது. வடிவு ஒரு பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு தோப்புக்குப் போனாள். சாமியின் முன்னால் வைத்தாள். விழுந்து கும்பிட்டாள்.

"சாமி, நீங்க அன்னைக்கு வரலன்னா..."

"நான் வரலன்னா எனக்கு எழுத்து தெரியாமலே போயிருக்கும். உன்ன நான்தான் கும்பிடணும்."

வடிவு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். சங்கர் பரீட்சை எழுதிவிட்டான் என்றாள். அடுத்ததாகப் பதினொன்றாம் வகுப்புக் கணக்கு வேண்டும் என்கிறான். நேற்றிலிருந்து பால் கொதிப்பதற்கு முன்பு போனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இதை மட்டும் அவள் அவரிடம் சொல்லவில்லை.

"வர்ற வருஷத்துக்குத் திட்டம் போட்டுட்டேன் சாமி. இந்தத் தடவ மணிக்கணக்கு இல்ல. சார்ட்டும் இல்ல. ஆரு ஆரு என்ன என்ன கத்துக்கிடணும்னு ஆசப்படுதாங்களோ அத அவங்கவங்கள்ட்டயே கேட்டு எழுதியிருக்கேன். ஒரே ஒரு தாளு."

நீட்டினாள். சாமி வாங்கினார். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாகப் படித்தார்.

"சங்கர். கணக்கு."

"உலகு. மரம், செடி."

"கோமு. கத... கதை எழுத."

"இசக்கி. சைக்கிள்."

அடுத்த வரிக்கு விரல் போனதும் நின்றார். முகம் மலர்ந்தது.

"மருதையா. பேப்பர் படிக்க."

வடிவு பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாமியின் விரல் கீழே இறங்கியது. அதற்கும் கீழே ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தாளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். மறுபடியும் முன்பக்கத்துக்கு வந்து, முதல் வரியிலிருந்து ஒவ்வொரு பெயராக விரல் வைத்துத் தேடினார்.

"என்ன சாமி தேடுதீங்க?"

"உன் பேரக் காணோமே, தாயி."